விடுமுறையில் பிள்ளைகளும் புத்தகமும்: வாசகர் கேள்வி பதில்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி என்று குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருந்தன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் நூலகர்களும் சேர்ந்த குழு பதில் சொல்கிறது.

*என் மகன் நாலாம் வகுப்பு முடித்திருக்கிறான். லீவுக்கென்று ஆறு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டுவான், "போர் அடிக்குது" என்று போனை எடுத்துவிடுவான். இது சோம்பேறித்தனமா, போன் பழக்கமா?*
(ஒரு தாய், தக்கலை)

இரண்டையும் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் புத்தகம் அவனுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். "கஷ்டமா இருக்கு" என்று சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகள் "போர்" என்றுதான் சொல்வார்கள். அட்டையில் "8 முதல் 10 வயது வரை" என்று போட்டிருப்பதை நம்பவேண்டாம். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்குள்ளேயே வாசிப்புத் திறன் இரண்டு, மூன்று வகுப்பு அளவுக்கு வேறுபடும்.

சோதிப்பது எளிது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, ஏறக்குறைய ஐம்பது சொல் உள்ள பகுதியை அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பரீட்சை என்று தெரியவேண்டாம், "எனக்குக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டு மக்கா" என்றால் போதும். தடுமாறும் சொற்களை மனசுக்குள் எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இல்லை என்றால் அது அவன் தானாகவே வாசிக்கும் புத்தகம். இரண்டு முதல் நாலு என்றால் பக்கத்தில் ஒருவர் இருந்தால் வாசிப்பான். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் இப்போதைக்கு அதை எடுத்து வைத்துவிடுங்கள், அல்லது நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சரியாகச் சொல்லிவிட்டாலும் அதைத் தடுமாற்றமாகவே கணக்கில் எடுக்கவேண்டும். ஒரு வரியில் மூன்று சொல்லை அப்படிக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். கதை தலையில் ஏறாது.

கடையில் வாங்கும்போது கண்ணாலேயே ஓரளவு கணிக்கலாம். தமிழில் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளும். "போய்க்கொண்டிருந்தபோதுதான்" என்பது பெரியவருக்கு ஒரு சொல், தொடக்க வாசகனுக்கு ஒரு முழு வேலை. எட்டு எழுத்துக்கு மேல் போகும் சொற்கள் வரிக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அடுத்த வருடப் புத்தகம். எழுத்து பெரிதாகவும் வரிக்கு ஐந்தாறு சொல்லாகவும் இருப்பது தொடங்குகிறவர்களுக்கு நல்லது. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருப்பது இதற்காகத்தான். உங்கள் மகன் நாலாம் வகுப்பு முடித்திருந்தாலும் "நட"வில் இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். எளிதான புத்தகத்தைப் பத்து வாசித்த பிள்ளை பதினோராவதைக் கேட்டு வாங்கும்.

எட்டுகிற புத்தகம் கிடைத்த பிறகு முதல் வாரம் இப்படிப் போகட்டும். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். முதல் மூன்று பக்கத்தை நீங்களே வாசியுங்கள், ஏதோ நடக்கப்போகிறது என்ற இடத்தில் நிறுத்திப் புத்தகத்தை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போங்கள். எடுத்தால் சரி, எடுக்காவிட்டால் மறுநாள் அதே இடத்திலிருந்து நீங்கள் தொடருங்கள். மூன்றாவது, நாலாவது நாளிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறி வாசிக்கலாம்.

போனைப் பிடுங்கிக்கொண்டு புத்தகத்தை நீட்டாதீர்கள். புத்தகம் தண்டனையாகத் தெரிய ஆரம்பித்துவிடும். போன் கையில் இருக்காத நேரமாகப் பார்த்து வாசிப்பை வையுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அல்லது ராத்திரி பாயில் படுத்த பிறகு. அந்தப் பதினைந்து நிமிடம் உங்கள் போனும் அடுத்த அறையில் இருக்கட்டும்.

*மகள் ஆங்கிலவழிப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், கதை கேட்பாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள், பாதி எழுத்து குழம்புகிறது. ஒரு லீவுக்குள் சரிசெய்ய முடியுமா?*
(ஒரு தந்தை, மார்த்தாண்டம்)

முடியும். பேசத் தெரிந்த பிள்ளைக்கு மொழி ஏற்கனவே உள்ளே இருக்கிறது, குறியீடுகள்தான் பாக்கி. நாளுக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு ஆறு நாள், ஐந்து வாரம் ஒதுக்குங்கள்.

247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்தவேண்டாம். அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை எழுதவைப்பது இந்த வயதில் வேலைக்கு ஆகாது. உயிர் 12, மெய் 18, அவற்றோடு சேரும் துணைக்குறிகள் பத்துப் பதினொன்று. இவை தெரிந்தால் மற்றதெல்லாம் சேர்க்கைதான்.

முதல் வாரம் அகர வரிசை (க, ச, ட போன்றவை), புள்ளி எழுத்து, கால் (ா) மட்டும். கடல், மரம், கப்பல், பட்டம், பாட்டா, மாம்பழம் எல்லாம் இதிலேயே வந்துவிடும். உயிரெழுத்தை நாளுக்கு இரண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் இகரமும் ஈகாரமும்: மீன், கிளி, சிப்பி, மரச்சீனி. மூன்றாம் வாரம் முழுவதையும் உகரத்துக்கும் ஊகாரத்துக்கும் கொடுங்கள். மற்றக் குறிகள் எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரே உருவத்தில் இருக்கும். இவை இரண்டும் மெய்க்கு மெய் உருவம் மாறும். கு, சு, டு, து, பு ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பிள்ளை ஏன் திணறுகிறது என்று புரியும். இரண்டு நாளில் முடிக்க நினைத்து அவசரப்படுவதால்தான் பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். படகு, பூ, குருவி, முந்திரி, நூல், சூரியன் என்று தெரிந்த சொல்லாகவே போங்கள்.

நாலாம் வாரம் எகரம், ஏகாரம், ஐகாரம்: தென்னை, தேன், வலை, சக்கை. இந்தக் குறிகள் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். ஆங்கிலத்தை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படித்துப் பழகிய கண் இங்கே இடறும். விரலால் குறியையும் எழுத்தையும் சேர்த்து மூடி, ஒரே அசைவாகத் திறந்து காட்டுங்கள். ஐந்தாம் வாரம் ஒகரம், ஓகாரம்: கொக்கு, கோழி, தோணி, தோட்டம். குறி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பதால் "கொ" என்பதை "கெ" என்று தொடங்கிப் பிறகு காலைக் கண்டு விழிப்பார்கள். சுழி (ெ, ே) கண்ணில் பட்டதும் அடுத்த எழுத்துக்குப் பின்னால் கால் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தால் நாலைந்து நாளில் போய்விடும். ஔகாரம் அபூர்வம். எங்காவது எதிர்ப்பட்டால் அப்போது சொன்னால் போதும்.

ஒவ்வொரு வாரக் கடைசியிலும் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பஸ் பலகைகளைவிட நல்ல பரீட்சைத் தாள் இல்லை. மார்த்தாண்டம் என்ற உங்கள் ஊர்ப்பெயரை முதல் வாரத்து எழுத்தை வைத்தே அவள் வாசித்துவிடுவாள். குளச்சலும் கன்னியாகுமரியும் மூன்றாம் வாரத்தில் வரும். தக்கலையும் களியக்காவிளையும் நாலாம் வாரம். நாகர்கோவில், தோவாளை இரண்டும் ஐந்தாம் வாரம். பஸ் நகர்வதற்குள் வாசித்தாகவேண்டும் என்பதால் எழுத்துக் கூட்டுவது தானாகக் குறையும்.

இரண்டு இடத்தில் பொறுமை வேண்டும். "பகல்" என்பதை வல்லினமாக அழுத்தி "பக்கல்" போல வாசிப்பாள். குறுக்கிடாமல் சொல் முழுவதையும் முடிக்க விடுங்கள். வாய்க்குத் தெரிந்த சொல் என்பதால் தானே திருத்திக்கொள்வாள். ல, ள, ழ, ர, ற, ன, ண குழப்பம் வாசிக்கும்போது பெரிய தடை அல்ல, எழுதும்போதுதான் தலைதூக்கும். இந்த விடுமுறையில் அதைத் தொடாதீர்கள். வாசித்துக்கொண்டே போனால் பாதி தானாகச் சரியாகும், மீதியைப் பள்ளி திறந்த பிறகு எழுத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் "அணில், ஆடு" புத்தகத்தைக் கொடுத்தால் அவமானமாக இருக்கும். வாசிக்கும் அளவு சிறிதாக இருந்தாலும் விஷயம் அவள் வயதுக்கு உரியதாக இருக்கவேண்டும். விளையாட்டு, விண்வெளி, விலங்குகள் பற்றிய படத்தோடு கூடிய சின்னக் குறிப்புகள், சித்திரக்கதைகள், விடுகதைத் தொகுப்புகள் நல்லவை. ஆங்கிலமும் தமிழும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் இருமொழிப் புத்தகங்கள் இந்த நிலைக்கு மிகவும் பொருந்தும். அவற்றில் தமிழை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தை முதலில் வாசித்துவிட்டால் தமிழைக் கண் வாசிக்காது, நினைவிலிருந்து சொல்லிவிடும்.

*எங்கள் வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. பிள்ளைக்குப் புத்தகத் தமிழ் அந்நியமாக இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்கிறான்.*
(அருமனை வாசகர்)

அவன் பேசும் பேச்சிலேயே முதல் புத்தகத்தைச் செய்து கொடுங்கள். வீட்டில் பாட்டாவோ பாட்டியோ சொல்லும் ஒரு கதையைப் போனில் பதிவு செய்யுங்கள், மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதை அவர்கள் சொன்னபடியே, திருத்தாமல் எழுதுங்கள். இரண்டு ஏ4 தாளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நடுவில் மடித்தால் எட்டுப் பக்கம். முதல் பக்கம் அட்டை, மீதி ஏழில் பக்கத்துக்கு இரண்டு வாக்கியம், பெரிய எழுத்தில். படத்தை அவன் வரையட்டும். மடிப்பில் மூன்று துளை போட்டு நூலால் தையுங்கள்.

காதால் கேட்ட கதையே கண் முன்னால் இருப்பதால் அர்த்தம் கேட்க இடமில்லை. இப்படி நாலைந்து செய்த பிறகு அதே கதையை அடுத்த தடவை புத்தகத் தமிழில் எழுதி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். எது எங்கே மாறுகிறது என்று அவனே கண்டுபிடிப்பான். வெளிப் புத்தகம் வாசிக்கும்போது கதையை நிறுத்தி அர்த்தம் விளக்கவேண்டாம், பக்கத்துக்கு ஒரு சொல் மட்டும் சொல்லிக் கடந்துபோங்கள். வீட்டில் புழங்கும் மலையாளத்தைத் தடுக்கவும் வேண்டாம். இரண்டு மொழியில் கதை கேட்கும் பிள்ளைக்கு அது பலம்தான்.

*நான் அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போகிறேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போவார். எனக்கு வாசிக்கத் தெரியாது, இதை மூத்த மகள் எழுதித் தருகிறாள். இளையவன் இரண்டாம் வகுப்பு. வாசிக்கத் தெரியாத அம்மை எப்படிப் பிள்ளையை வாசிக்க வைப்பது?*
(குளச்சல் அருகிலிருந்து ஒரு தாய்)

அம்மா, உங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதிக்கு எழுத்தே தேவையில்லை.

வாசிக்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது கேட்க ஒரு ஆள். சாயங்காலம் மீன் கழுவும்போதோ கறிக்கு நறுக்கும்போதோ அவனைப் பக்கத்தில் உட்கார்த்தி வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்து தெரியாது என்பதை மறைக்கவேண்டாம். தன் அம்மைக்கு இந்தக் கதை தன் வாயால்தான் தெரியவேண்டும் என்று புரிந்தால் அவன் நிதானமாக, புரியும்படி வாசிப்பான். தப்பைத் திருத்த ஆள் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். தப்பாக வாசித்தால் கதை பொருந்தாது, "என்னது, விளங்கலியே" என்று நீங்கள் கேட்டாலே திரும்பப் பார்ப்பான். "பிறகு என்ன ஆச்சு?", "அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?" இந்த இரண்டு கேள்வி போதும்.

எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன. நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள், மறுநாள் அதே படத்துக்கு அவன் வேறு கதை சொல்லட்டும். கடலைப் பற்றி, காற்றைப் பற்றி, வலையைப் பற்றி அவன் அப்பாவுக்குத் தெரிந்ததை எந்தப் புத்தகமும் அவ்வளவு சொல்லாது. அவர் கரையில் இருக்கும் நாளில் அதைச் சொல்லச் சொல்லுங்கள். நிறையக் கேட்டு வளரும் பிள்ளைக்குச் சொற்கள் சேரும், வாசிக்கும்போது அவையே கைகொடுக்கும்.

மூத்த மகள் தம்பிக்கு வாசித்துக் காட்டலாம். ஆனால் அவளைத் தினமும் டீச்சராக்கிவிடாதீர்கள், அவளுக்கும் விடுமுறை வேண்டும். வாரத்தில் மூன்று நாள் போதும். அவள் வாசிப்பும் அதில் தேறும்.

உங்களுக்கே படிக்க ஆசை இருந்தால், 15 வயதுக்கு மேல் எழுத்தறியாதவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் வகுப்பு பக்கத்தில் நடக்கிறதா என்று அருகிலிருக்கும் அரசுப் பள்ளியில் கேளுங்கள். கட்டணம் இல்லை.

*நூலகத்தில் பிள்ளையைச் சேர்க்க என்ன வேண்டும்? நாகர்கோவிலுக்குத்தான் போகவேண்டுமா?*
(பூதப்பாண்டி வாசகர்)

வேண்டியதில்லை. மாவட்ட மைய நூலகம் நாகர்கோவிலில் இருந்தாலும் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் மாவட்டம் முழுவதும் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பதில் சேர்வதுதான் நல்லது, வாரம் ஒருமுறை போகமுடியாத நூலகம் பிள்ளைக்குப் பயன்படாது. பெற்றோரின் முகவரிச் சான்று நகலோடு போய்ப் படிவம் வாங்குங்கள். வேறு என்ன நகல் வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். வைப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சிறு தொகைதான். வார விடுமுறை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. ஞாயிறு திறந்திருக்கும் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. அம்மாவும் மகளும் போவதென்றால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை.

முதல் தடவை போகும்போது அரை மணி நேரமாவது உட்கார விடுங்கள். தரையில் உட்கார்ந்து பத்துப் புத்தகத்தை இழுத்துப் போட்டுப் பார்க்கட்டும். எடுத்ததில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுங்கள், மற்றதெல்லாம் அவர்கள் தேர்வாக இருக்கட்டும்.

*ஒரு புத்தகம் வாசித்தால் பத்து ரூபாய் என்று சொல்லியிருக்கிறோம். வாசித்ததைச் சுருக்கமாக எழுதவும் சொல்கிறோம். சரிதானே?*
(திருவட்டாறு வாசகர்)

இரண்டையும் நிறுத்திவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. காசுக்கு வாசிக்கும் பிள்ளை மெல்லிய புத்தகமாகத் தேடும், காசு நின்றால் வாசிப்பும் நிற்கும். சுருக்கம் எழுதுவது பள்ளி வேலை. ஒவ்வொரு கதைக்குப் பின்னாலும் அது காத்திருக்கிறது என்று தெரிந்தால் கதையைத் தொடவே மனம் வராது. "எந்த இடம் பிடிச்சுது?" என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். பரிசு தந்தே ஆகவேண்டும் என்றால் அந்தக் காசைச் சேர்த்து வைத்து, மாதக் கடைசியில் அவர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

*எட்டாம் வகுப்பு மகள் சித்திரக்கதையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. ஒன்றையே நாலு தடவை வாசிக்கிறாள்.*
(சுசீந்திரம் வாசகர்)

வாசிக்கட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதால்தான் வேகம் வருகிறது. சித்திரக்கதையில் பேச்சு, படம், கதைப்போக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கவேண்டும், அது சின்ன வேலை அல்ல. தட்டி எழுப்பவேண்டும் என்று தோன்றினால் அவளுக்கு ஏற்கனவே ஆர்வமுள்ள விஷயத்தில் ஒன்றைக் கண்ணில் படும்படி வையுங்கள், வாசி என்று சொல்லாதீர்கள். அறிவியல் பிடிக்கும் என்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் துளிர் மாத இதழ் நல்ல தொடக்கம். கட்டுரைகள் சின்னவை, எங்கிருந்தும் தொடங்கலாம்.

வெளியே அழைத்துப் போவதும் வாசிப்புக்கு இழுக்கும். கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலைக்குப் போகும் முன்னால் ஒரு கேள்வியைக் கொடுங்கள்: மொத்த உயரம் 133 அடி, பீடம் மட்டும் 38 அடி, சிலை 95 அடி, ஏன் இந்தக் கணக்கு? விடை குறளின் அதிகாரப் பட்டியலில் இருக்கிறது. அதை அவளே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனாலும், மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனாலும், அங்குள்ள தகவல் பலகையை நீங்கள் வாசித்துச் சொல்லாமல் அவளிடம் விட்டுவிடுங்கள்.

*எங்கள் ஊர் படிப்பகத்தில் நாளிதழ் மட்டும்தான் வருகிறது. இந்த மே மாதம் இருபது பிள்ளைகளுக்கு வாசிப்பு வட்டம் நடத்த இளைஞர்கள் சேர்ந்திருக்கிறோம். என்னவெல்லாம் வேண்டும்?*
(குலசேகரம் வாசகர்)

படிப்பகம் இருக்கும் ஊருக்குப் பாதி வேலை முடிந்தது. மாவட்டத்தில் இப்படி நாளிதழோடு நின்றுபோன படிப்பகங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் பிள்ளைகளின் சத்தம் கேட்கவேண்டும் என்பது எங்கள் பெரிய ஆசை.

ஆளுக்கு மூன்று கணக்கில் அறுபது புத்தகம் வேண்டும். அதற்குக் குறைந்தால் இரண்டாம் வாரமே மாற்ற ஒன்றும் இருக்காது. அறுபதில் முப்பது மிக எளிதானவை, இருபது நடுத்தரம், பத்து பெரியவை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாக வாங்கிவிட்டுப் பிள்ளைகள் வாசிக்கவில்லை என்கிறார்கள். பழைய புத்தகம் தானமாகக் கேட்டால் கைடும் போட்டித்தேர்வுப் புத்தகமும் கிழிந்த வார இதழும்தான் மூட்டையாக வரும். அவற்றை அலமாரியில் ஏற்றாதீர்கள். புத்தகத்துக்குப் பதில் காசு கேளுங்கள், அல்லது வாங்கவேண்டிய பட்டியலைக் கொடுங்கள். நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் வெளியீடுகள் விலை குறைந்தவை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிடலாம், அவையும் நாலு படிநிலையாகப் பிரிக்கப்பட்டவை. ஒரு பக்கத்தில் எத்தனை சொல் என்று பார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

புத்தக முதுகில் சிவப்பு, பச்சை, நீலம் என்று வட்ட ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்று எழுதாதீர்கள். ஏழாம் வகுப்புப் பையன் சிவப்பு வட்டத்தை எடுக்கக் கூசமாட்டான், "வகுப்பு 3" என்றிருந்தால் தொடமாட்டான்.

வாரம் மூன்று நாள், காலை பத்து முதல் பதினொன்றரை வரை. மே மாதப் பிற்பகலில் மலையோரத்தில் மழை வந்துவிடும், சாயங்காலம் கிரிக்கெட்டோடு மோதினால் பெரிய பையன்கள் வரமாட்டார்கள். முதல் இருபது நிமிடம் பெரியவர் ஒருவர் சத்தமாக வாசிப்பது. இருபது பேர் ஒரே வட்டத்தில் இருந்தால் படம் பின்வரிசைக்குத் தெரியாது, பத்துப் பத்தாகப் பிரியுங்கள். படத்தைக் காட்டிவிட்டு வாசியுங்கள், வாசித்துக்கொண்டே காட்டினால் காது மூடிக்கொள்ளும். அடுத்த முப்பது நிமிடம் பிடித்ததை எடுத்துத் தனியாக, அல்லது ஜோடியாக. பிறகு வரைவது, நடிப்பது, பேசுவது. கடைசிப் பத்து நிமிடம் புத்தகம் மாற்ற. ஏழு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது குறைந்தபட்சம்.

பதிவேட்டில் ஐந்து பத்தி போதும்: புத்தக எண், பெயர், எடுத்தவர், எடுத்த தேதி, திரும்பிய தேதி. பத்து வயதுக்கு மேலான பிள்ளைகளே மாறி மாறி அதை எழுதட்டும். ஒன்றிரண்டு தொலையும், கிழியும். அபராதம் போடாதீர்கள், போட்டால் அந்தப் பிள்ளையும் திரும்பி வராது. கிழிந்ததை ஒட்ட ஒரு நாள் வைத்து எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செலோ டேப் ஒரு வருடத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், மெல்லிய வெள்ளைத் தாள் கீற்றும் மைதா பசையும் மேல்.

இரண்டாம் வாரத்தில் கூட்டம் குறையும். வழக்கமாகக் கழன்றுகொள்வது பன்னிரண்டு வயதுக்கு மேலான பையன்கள். அவர்களைச் சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பில் வையுங்கள், முந்தின நாளே புத்தகத்தைக் கொடுத்து ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். வாசிப்பில் பின்தங்கிய பெரிய பையனுக்கு எளிய புத்தகத்தைக் கௌரவமாகக் கையில் கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. யார் அதிகம் வாசித்தார் என்ற போட்டியும் சுவரில் தரவரிசையும் வேண்டாம். கடைசி இடத்தில் பெயர் இருக்கும் பிள்ளைக்காகத்தான் இந்த வட்டமே.

*மூன்றாம் வகுப்பு முடித்த மகளுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் வாசிப்பு வரவில்லை. நேற்றுச் சொன்ன எழுத்து இன்று தெரியவில்லை. மற்றபடி கெட்டிக்காரி.*
(இரணியல் வாசகர்)

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பது, வரி தவறுவது, வாசித்தால் தலைவலி என்பது இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவும் குழந்தைகள் நலப் பிரிவும் உண்டு. இரண்டும் சரியாக இருந்து, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும் எழுத்து நிலைக்கவில்லை என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதை உறுதி செய்யவேண்டியது நிபுணர்தான். பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியரிடம் சொல்லி வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கக் கேளுங்கள். அதுவரை திட்டாதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். தினமும் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அவள் அறிவுக்கு வேண்டிய கதையும் சொல்லும் காது வழியாகவாவது போய்க்கொண்டிருக்கவேண்டும்.

*கடலோரத்தில் வீடு. மழைக்காலம் வந்தால் புத்தகமெல்லாம் பூஞ்சணம் பிடித்து நாறுகிறது. பிள்ளைகள் தொடவே மாட்டேன் என்கிறார்கள்.*
(கொல்லங்கோடு வாசகர்)

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இது வருடத்தில் பாதி நாள் இருக்கும் தொல்லை. அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் உள்சுவர்ப் பக்கம், நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரட்டும். புத்தகங்களை இறுக்கி அடுக்கினால் நடுவில் காற்றுப் போகாது. பிளாஸ்டிக் அட்டை போடுவது ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், பழுப்புத் தாள் போதும். வெள்ளிப்பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாக வைக்கலாம். அந்துருண்டை வேண்டாம், சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டால் விஷம்.

பூஞ்சணம் வந்துவிட்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள். உச்சி வெயிலில் காயப்போட்டால் அட்டை வளையும், நிறம் போகும். நனைந்த புத்தகத்தைப் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, நிமிர்த்தி விரித்து மின்விசிறிக்குக் கீழே வைக்கவேண்டும். நாளிதழ் செருகினால் மை ஒட்டும். வழவழப்பான தாளில் அச்சான படப் புத்தகம் என்றால் ஈரம் இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்துவிடுங்கள், காய்ந்தபின் ஒட்டிக்கொண்டு பிரியாது.

உப்புக்காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். மெல்லிய புத்தகங்கள் வாங்கியதும் பின்னைக் கழற்றி, அதே துளைகளோடு நடுவில் ஒன்று சேர்த்து நூலால் தைத்துவிடுங்கள். ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்குவதற்குள் பிள்ளைகளையும் உட்கார்த்திச் செய்தால் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.